துலைச்சானின் படலை

என்னுடைய மெழுகுதிரிகளும் கற்பூரமும் வவுனியாவுக்கு வெளியே ஒரு சோதனைச் சாவடியில் ஒரே சாக்குக்குள் போயின. மெழுகுதிரிக்குத் தடை என்று தெரிந்தே சேலைகளுக்குள் சுற்றி வைத்திருந்தேன். சிப்பாய் சேலையை உதறியதும் பொலபொலவென்று விழுந்தன. கற்பூரப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தான், நக்கிப் பார்க்காத குறை. என்னவென்று விளங்காமல் அதையும் எறிந்தான். சமயபேதம் பார்க்காத மனிதன். மெழுகுதிரி என் தங்கையின் புருசன் தாசனுக்கு, அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். கற்பூரம் என் தங்கை சறோவுக்கு. இரண்டும் அவர்களுடைய மகள் றஜியின் படத்துக்கு முன்னால் கொளுத்த.

றஜியை நான் கண்ணால் கண்டதில்லை. நான் ஜேர்மனிக்குப் போன பிறகு பிறந்தாள். தொண்ணூற்றியாறில் கிளிநொச்சிப் பக்கம் சண்டை வந்து, சனம் உருத்திரபுரத்தை விட்டு ஓடியபோது செல் விழுந்து செத்துப்போனாள். ஒன்பது வயது. வழியிலேயே புதைத்துவிட்டு இவர்கள் தொடர்ந்து ஓடினார்கள். புதைத்த இடத்துக்கு இப்போது யாரும் போக முடியாது. அந்தச் செய்தி எனக்கு வந்து சேர மாதக்கணக்கானது. அடுத்த மாசியில் நான் புறப்பட்டேன்.

வன்னிக்குள் போகிற பாஸ் எப்படிக் கிடைத்தது, யார் யாரைப் பிடித்தேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கிடைத்தது, போனேன். போன காரியம் ஒன்றே ஒன்றுதான். சறோவைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது. தாசன் பிறகு வரட்டும், வராமல் விடட்டும், எனக்கு என் தங்கை வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கதைத்தே அவளைக் கிளப்பிவிடலாம் என்று நம்பினேன்.

சாவடிக்கு அப்பால் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினோம். ஜேர்மனியில் ரயில் சற்றுப் பிந்தினாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே சில்லு சேற்றில் புதைந்ததும் சாரதி எங்களைத்தான் ஏசினான். "இறங்கித் தள்ளுங்கோ! என்ன, படம் பாக்கவே வந்தனியள்?" இறங்கித் தள்ளினோம். என் ஜேர்மன் சப்பாத்து ஒன்று சேற்றோடு போனது. ஒரு பெடியன் கையை விட்டுத் துழாவி எடுத்துத் தந்தான்.

பெட்டியில் என் பக்கத்தில் இருந்த மனுசி ஒரு சுவர் மணிக்கூட்டை மடியில் வைத்திருந்தாள். அது ஓடவில்லை. பற்றரிக்குத் தடை.

"ஓடாத மணிக்கூட்டை ஏன் காவுறியள்?" என்று கேட்டேன்.

"வீடும் இல்லை, சுவரும் இல்லை. இதாவது கிடக்கட்டும் எண்டுதான், பிள்ளை" என்றாள். என்னைப் பிள்ளை என்று யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

சறோவும் தாசனும் இடம்பெயர்ந்து இருந்த உடையார்கட்டு முகாமில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சறோ ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள், ஊரே கேட்க ஒப்பாரி வைப்பாள் என்று நான் என்னைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவள் கொட்டில் வாசலில் நின்று, "வந்திட்டியோ அக்கா? காலைக் கழுவு" என்றாள். அவ்வளவுதான். ஆள் பாதியாகியிருந்தாள். சட்டை அவள் மேல் தொங்கியது.

உருத்திரபுரத்தில் வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலும் கல்வீடும் வைத்திருந்தவள். இப்போது கிடுகும் தறப்பாளும் சேர்த்துக் கட்டிய ஒரு கொட்டில். வாசல் கப்புத் தூணில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சின்னச் செருப்பு தொங்கியது. ஒற்றைச் செருப்பு. பட்டி அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

தாசன் முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்தவன். இப்போது உடையார்கட்டுக் குளத்தில் வீச்சு வலை எறிகிறான். அன்று குளத்தில் பிடித்த யப்பான் மீன் குழம்பு, தேங்காய்ப்பால் இல்லாமல். குத்தரிசிச் சோறு, முருங்கையிலை. நான் ஜேர்மனியில் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே நாளாந்தம் குப்பையில் கொட்டுகிற சாப்பாட்டை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் குழம்பு நல்ல ருசி. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

சறோ குழம்பைச் சிரட்டையால் அள்ளி ஊற்றினாள்.

"அகப்பை எங்கையடி?"

"துலைஞ்சு போச்சு."

மறுநாள் காலையில் அகப்பை வழமையான இடத்தில் தொங்கியது. கிணற்று வாளியின் கயிற்றைக் காணவில்லை. பின்னேரம் கயிறு வந்தது. இப்படியும் ஒரு வீடா என்று எனக்குள் ஒரு புறுபுறுப்பு. முகாம் வாழ்க்கை, சாமான் அங்கே இங்கே கிடக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டாம் நாள் என்னுடைய சவர்க்காரம் போய்விட்டது. இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் நான் கொண்டுபோன சவர்க்காரங்களில் சிப்பாய் இரக்கப்பட்டு விட்டது அந்த ஒன்றைத்தான். பக்கத்துக் கொட்டில் மனுசி கிணற்றடியில் நின்றாள். நேரே போய்க் கேட்டேன்.

"என்ரை சோப்பைக் கண்டனியளோ?"

அவள் இடுப்பில் கை வைத்தாள். "வெளிநாட்டிலை இருந்து வந்து இறங்கினவுடனை நாங்கள் கள்ளரோ? உம்மடை சோப்பைப் பூசி நான் ஆருக்கு வடிவு காட்டப் போறன்?"

நானும் விடவில்லை. நல்ல வாய்ச்சண்டை. சனம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பொழுதுபட முன்னம் தாசன் குளத்திலிருந்து வந்து, மடியிலிருந்து சவர்க்காரத்தை எடுத்துத் தந்தான். மண் அப்பியிருந்தது. "வழியிலை கிடந்தது அக்கா" என்றான். சறோ அவனை ஒரு பார்வை பார்த்தாள். புருசன்மாரைப் பெண்கள் கோபத்தோடு பார்ப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். இது வேறு. அடுப்படிக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். நான் சவர்க்காரத்தை நூலால் பாதியாக அறுத்து, ஒரு துண்டைக் கொண்டுபோய்ப் பக்கத்து மனுசியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கி மணந்து பார்த்தாள். "நல்ல வாசம்" என்றாள். சமாதானம்.

சாப்பிடும்போது தாசனிடம் சொன்னேன், ஜேர்மனியில் சாமான் தொலைந்தால் இவ்வளவு பாடு இல்லையென்று. பெரிய ஸ்ரேசனில் அதற்கென்றே ஆள் இருந்து வேலை செய்கிற ஒரு கந்தோர் இருக்கிறது. ரயிலில் யார் எதை விட்டுவிட்டுப் போனாலும் அங்கே கொண்டுவந்து அடுக்கி வைப்பார்கள். நான் குடையை விட்டுவிட்டு அழாக்குறையாகப் போய் நின்றேன், எடுத்துத் தந்தார்கள்.

தாசன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். "எல்லாச் சாமானுமோ அக்கா?"

"எல்லாம். குடை, கண்ணாடி, பல்லுக்கட்டு, எல்லாம்."

"அங்கை ஆர் இருக்கிறது? ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"ஒரு பொம்பிளை. பெரிய கண்ணாடி போட்டவ. சிரிக்கவே மாட்டா. ஆனா உடனை எடுத்துத் தந்திட்டா."

அவன் திரும்பச் சோற்றைப் பிசைந்தான். நானும் அதை மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை எழும்பி வெளியே வந்தேன். ஆணியில் செருப்பு இல்லை.

அகப்பை போகட்டும், சோப் போகட்டும், இது போனால் என் தங்கை தாங்குவாளா? அவள் கிணற்றடியில் நின்றாள். அவளுக்குத் தெரியவருவதற்குள் தேடி எடுத்துவிட வேண்டும் என்று வெளிக்கிட்டேன். நாய் தூக்கியிருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு பற்றையாகப் பார்த்தேன். முள் கிழித்தது. குளக்கட்டில் ஏறி, ஒரு மருதமரத்தின் வேருக்குள் கண்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கும், பிள்ளையாருக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். குளத்துத் தண்ணீரில் கழுவி, என் சேலைத் தலைப்பால் துடைத்து, கப்பல் மீட்டவள் மாதிரி நடந்து வந்தேன்.

"சறோ! இஞ்சை பார், ஆர் கண்டுபிடிச்சது எண்டு பார்!"

அவள் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆர் உன்னைத் தேடச் சொன்னது? ஆர் உன்னைத் தேடச் சொன்னது?" என்று கத்திக்கொண்டு என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை. நான் அடியை வாங்கிக்கொண்டு நின்றேன். கை ஓய்ந்ததும் அப்படியே நிலத்தில் குந்தினாள்.

அதன் பிறகுதான் வாய் திறந்தாள். வந்த நாளிலிருந்து அவள் பேசிய எல்லாவற்றையும் விட அந்தக் காலை பேசியது அதிகம்.

உருத்திரபுரத்தில் செல் விழத் தொடங்கினால் வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் போய் இருப்பார்கள். றஜிக்கு ஒரு கவலை. தகப்பனின் ஆட்களில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், ஞானஸ்நானம் பெறாத அம்மா அப்பாவின் மோட்சத்துக்கு வர முடியாதென்று. எங்கள் ஆட்களில் யாரோ அதைப்போலவே தகப்பனைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சனம் இரண்டு பக்கமும்! பிள்ளை யோசித்திருக்கிறாள். பிறகு பங்கருக்குள் இருந்தபடியே தானாக ஒரு தேசத்தை உண்டாக்கிவிட்டாள். அதற்குப் பெயர் அங்காலை. பங்கர்ச் சுவருக்கு அங்காலை, அந்தப் பக்கம். அங்கே யாரும் என்ன சமயம் என்று கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு நாடு. உயிரோடு இருக்கும்போது எந்தச் சாமிக்கு நாளாந்தம் செய்தாயோ, செத்தபிறகு அந்தச் சாமியின் நாட்டில் விடுவார்கள்.

"தொம்மான் எண்டு ஒருத்தர்" என்று சறோ சொன்னாள். "செல்லுச் சத்தம் அவரின்ரை. காதைப் பொத்திக்கொண்டு அவரின்ரை பேரைச் சொன்னால் அவர் எங்களை எழுதி வைப்பார். அவரின்ரை நாட்டிலை ஒரு சத்தமும் கேளாது. சனம் விடியவிடிய நித்திரை கொள்ளும்."

பானையாத்தை என்று ஒருத்தி. அவளுடைய நாட்டில் அடுப்பு அணையாது. அவளுக்குப் படையல், சாப்பாட்டில் கடைசிக் கவளத்தை விட்டுவைப்பது. நிவாரண அரிசியில் யார் விட்டுவைப்பது? அதனால் அவளுக்கு ஆட்கள் குறைவு, அவள் தனியே இருந்து சமைத்துச் சமைத்து வைத்திருக்கிறாளாம். வரம்பாத்தை வயல் வரம்புகளுக்குச் சொந்தக்காரி. சறோவை மகள் அவளிடம் கொடுத்திருந்தாள்.

"உன்னையும் ஒருத்தரிட்டைக் குடுத்தவள் அக்கா."

"என்னையோ? என்னை அவளுக்குத் தெரியாதே."

"துலைச்சானிட்டை. பெரியம்மா ஊரைத் துலைச்சவாதானே எண்டு சொன்னவள். தானும் துலைச்சான்ரை ஆள் எண்டவள்."

காணாத பிள்ளை என்னை இப்படி அறிந்து வைத்திருந்தாள்.

துலைச்சான் தொலைந்தவற்றுக்குச் சாமி. ஊரில் என்னென்ன தொலைந்ததோ எல்லாம் அவருடைய நாட்டில் அடுக்காக இருக்கும். செருப்பு, மாடு, சைக்கிள், விட்டுவிட்டு வந்த வீடு, பள்ளிக்கூடம். அவருடைய ஆட்கள் போய்ச் சேர்ந்ததும் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் படையல், நாளுக்கு ஒரு சாமானைத் தொலைப்பது. தொலைத்ததைத் தேடக்கூடாது. திரும்பிப் பார்த்துத் தேடினவரை அவர் உள்ளே விடமாட்டார். வாசல் படலைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

"அந்தச் சட்டம் நான் குடுத்தது அக்கா" என்றாள் சறோ. "ஓடேக்கை கையிலை இருந்து எது விழுந்தாலும் தேடாதை, திரும்பிப் பாராதை, ஓடு எண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக் குடுத்தனான். அதைத்தான் அவள் சாமியாக்கினவள். பிறகு தானே திரும்பினாள். செருப்புக் கழண்டு போச்செண்டு திரும்பினாள். கையிலை செருப்போடைதான் கிடந்தாள்."

அவள் அழவில்லை. கணக்குத் தீர்க்கிறவளின் முகம் அது.

"அவள் தன்ரை சாமியின்ரை சொல்லை மீறினவள். உள்ளை விடமாட்டார். படலையடியிலை நிக்கிறாள், தனிய. அவளுக்காக நான் துலைச்சுக் குடுக்கிறன், அவர் மனம் இரங்கட்டும் எண்டு. அகப்பையும் கயிறும் போதாது எண்டு எனக்குத் தெரியும். அவள் திரும்பினது அந்தச் செருப்புக்காகத்தானே. அதைக் குடுத்தால்தான் தீரும். இவ்வளவு நாளும் மனம் வரேல்லை. இண்டைக்குத்தான் குடுத்தனான். நீ கழுவிக் கொண்டு வந்து நிக்கிறாய்."

இது பிள்ளை விளையாட்டு, விட்டுத்தள்ளு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. புதைத்த இடத்துக்கும் போக முடியாத ஒருத்திக்குப் பிள்ளை இருக்கிற இடமென்று ஒரு படலை இருந்தது. அதையும் பிடுங்கி நான் அவளுக்கு என்னத்தைக் கொடுக்க?

"அப்ப தாசன்?" என்று மட்டும் கேட்டேன். "அவரை ஆரிட்டைக் குடுத்தவள்?"

"அவருக்கு ஒருத்தரும் இல்லை. அப்பாக்கு யோசிச்சுச் சொல்லுறன் எண்டவள். சொல்லேல்லை. அந்த மனுசன் நான் துலைக்கிறதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, பிள்ளையை வெளியிலை நிப்பாட்டி வைச்சிருக்கு."

செருப்பைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். இனிமேல் அதைக் கழற்றத் தனக்குத் தெம்பு வராது என்றாள்.

நான் நேரே குளத்துக்குப் போனேன். தாசன் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "உமக்குத் தெரிஞ்சுகொண்டே செய்யிறீரோ? அவள் படுகிற பாடு தெரியாதோ?" என்று பாய்ந்தேன்.

அவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "தெரியும் அக்கா. எனக்கும் மகள்தானே. ஒவ்வொரு நாளும் அந்தோனியாரை மண்டாடிக்கொண்டுதான் தேடுறனான். அவர் துலைஞ்ச சாமானைத் தாறார், பிள்ளையைத் தரேல்லை."

"அப்ப ஏன் தேடிக் குடுக்கிறீர்?"

"எங்களிட்டை என்ன கிடக்கு, சொல்லுங்கோ. ஒரு அகப்பை, ஒரு கயிறு, ரண்டு சட்டி. எல்லாம் துலைஞ்சு முடிஞ்சால் அடுத்தது என்னத்தைக் குடுப்பாள்? தன்னைத்தான் குடுப்பாள். கிணறு வாசலிலை. நான் திரும்பக் கொண்டுவந்து வைச்சால், நாளைக்குத் துலைக்க அவளிட்டை ஏதோ ஒண்டு இருக்கும். அந்த ஒரு நாளைக்குத்தான் நான் தேடுறன்."

நான் குளக்கட்டில் குந்திவிட்டேன். என் தங்கையை இவனிடமிருந்து கூட்டிக்கொண்டு போகத்தான் நான் கடல் கடந்து வந்தேன். அவளை உயிரோடு வைத்திருந்தவன் இவன்.

பாஸ் முடிகிற நாள் வந்தது. முதல்நாள் முழுக்க நான் சறோவின் பின்னால் திரிந்து கெஞ்சினேன், ஏசினேன், அம்மாவின் மேல் ஆணையிட்டேன். "படலையடியிலை நிக்கிற பிள்ளையை விட்டிட்டு நான் எங்கை வாறது?" என்பதுதான் அவளுடைய ஒரே பதில். விடியப் பிட்டு அவித்து, வாழையிலைச் சருகில் கட்டித் தந்தாள். தாசன் குளத்தால் இன்னும் வரவில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"போ அக்கா" என்றாள். "நான் தேடமாட்டன்."

திரும்பிக் கொட்டிலுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் தொலைத்த சாமான் நான். செருப்புக்குப் பதிலாக என்னைக் கொடுத்திருக்கிறாள். என்னைவிடப் பெரிதாக இனி அவளிடம் எது இருக்கிறது?

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். சாரதிக்குக் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்ப் புகையும் இரைச்சலும். பெட்டிப் பலகையில் அடித்தேன். ஒரு கிழவர், "மனுசிக்கு என்னவோ செய்யுது" என்றார். கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் தானாகவே இருமி இருமி நின்றது. எண்ணெய்க் குழாய் அடைத்துவிட்டதாம். சாரதி குழாயைக் கழற்றி வாயால் ஊதத் தொடங்கினான். சனம் நிழலுக்குப் போனது. நான் இறங்கித் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

எதிரே சைக்கிளில் தாசன் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டி, வேர்வை ஒழுக, மூச்சு வாங்க. குளத்தால் வந்து கேட்டிருக்கிறான், அக்கா எங்கை என்று. போயிட்டா, தேடாதேங்கோ என்றாளாம்.

"ஏறுங்கோ அக்கா."

என்னுடைய எடைக்கு அந்தக் கரியர் கிறீச்சிட்டது. இரண்டு தரம் விழப் பார்த்தோம். ஜேர்மனியில் என் டொக்டர் சொல்லியும் குறைக்காத உடம்பு. தாசன் எழும்பி நின்று மிதித்தான்.

சறோ கிணற்றுக் கட்டில் இருந்தாள். வாளி பக்கத்தில் இல்லை. தண்ணீர் அள்ளப் போனவள் இருக்கிற இருப்பு அது இல்லை. தாசன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். நானும் ஓடினேன். அவள் எங்களைக் கண்டதும் முகம் கறுத்துப்போனது.

"ஏன் கொண்டு வந்தனீங்கள்? நான் குடுத்ததை ஏன் கொண்டு வந்தனீங்கள்? அவள் எவ்வளவு காலம் வெளியிலை நிக்கிறது?"

"அவள் வெளியிலை நிக்கேல்லை" என்றான் தாசன்.

மூச்சு வாங்கியது அவனுக்கு. கிணற்றுக் கட்டிலேயே, அவளுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வந்து குந்தினான்.

"எனக்கும் ஒரு சாமி சொன்னவள். கடைசி நாள், பங்கருக்குள்ளை. நீ நித்திரை. கண்டெடுத்தாள் எண்டு பேர். துலைச்சான்ரை பெண்சாதி."

சறோ அவனையே பார்த்தாள். "துலைச்சானுக்குப் பெண்சாதி இல்லை."

"இருக்கு. அவர் எடுத்து வைக்கிறதை அவா திருப்பிக் குடுக்கிறவா. அவாக்கு ஒரு கந்தோர் இருக்கு, எல்லாம் அடுக்கி வைச்சிருப்பா. துலைச்சான்ரை நாட்டுக்குப் பக்கத்து நாடு. நடுவிலை ஒரு வரம்பு மட்டும்தான்."

"என்ன படையல்?"

"கண்டெடுத்ததைக் கொண்டுபோய் உரிய ஆளிட்டைக் குடுக்கிறது. அப்பா கடலுக்குள்ளை கிடக்கிறதைத் தேடி எடுக்கிறவர்தானே, அதாலை அப்பா அவாவின்ரை ஆள் எண்டவள்." நிறுத்தி, எச்சிலை விழுங்கினான். "தேடித் திரும்பினவையை அவர் விடாட்டி, அவா கூப்பிட்டுத் தன்ரை பக்கத்தாலை எடுப்பா. அவள் செருப்பைத் தேடித் திரும்பினவள், சறோ. கண்டும் எடுத்தவள். கையிலை இருந்ததெல்லே. கண்டெடுத்தாள் அவளை அண்டைக்கே உள்ளை எடுத்திருப்பா."

"நல்லவாவோ?" என்று சறோ கேட்டாள். சின்னப் பிள்ளையின் குரல்.

"சிரிக்க மாட்டா" என்றான் தாசன். "பெரிய கண்ணாடி போட்டிருப்பா. ஆனா கேட்டவுடனை எடுத்துத் தருவா."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் உடைந்திருப்பேன். இவ்வளவு நீளமான வாயை வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் அதை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

சறோ அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

"நீ என்னோடை கதைச்சால்தானே."

அப்போதுதான் அவள் அழுதாள். மகள் செத்து அத்தனை மாதத்தில் முதல்தரம் என்று தாசன் பிறகு சொன்னான். பக்கத்துக் கொட்டில் மனுசி ஓடிவந்து, என்ன ஏது என்று கேளாமல், தானும் சேர்ந்து அழுதாள்.

அழுது முடிய, நான் என் கைப்பையை அவிழ்த்துக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, கொண்டையூசி, நகம்வெட்டி, சட்டைப் பொத்தான்கள், பாதிச் சோப், சாவிக்கொத்து, ஒரு ஜேர்மன் தேக்கரண்டி. ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து எப்படியோ என்னோடு வந்த கரண்டி. எல்லாம் உனக்கு, வேண்டியபோது தொலை என்றேன். இனிமேல் யார் வந்தாலும் சின்னச் சின்னச் சாமானாகக் கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். தூரத்தில், றோட்டில் நின்ற உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்தது. குழாய் சரிவந்துவிட்டது.

சறோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கொண்டையூசியை எடுத்தாள். "நாளைக்கு இது போதும்" என்றாள்.

பிறகு தாசனைப் பார்த்துச் சொன்னாள். "உடனை தேடாதேங்கோ. பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும்."